கடைசிக் கட்டத்தில் நான் எழுதிய 'இல்லை'

போன வாரம், நான் முன்பு வேலை பார்த்த கண் ஆய்வகத்திலிருந்து நஸ்ரின் தொலைபேசியில் அழைத்தபோது சின்னவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, புதுசா வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கையேடு போடுறோம். ரிட்டயர் ஆனவங்க ஆளுக்கு ஒரு கட்டுரை தரணும். நீங்களும் எழுதுங்க."

"நான் எங்கடி ரிட்டயர் ஆனேன்? எனக்கு முப்பத்து மூணு வயசுதான் ஆகுது."

"ஆபீஸ் பட்டியல்ல 'பணி நிறைவு'ன்னுதான் போட்டிருக்கு. பெரியசாமி அண்ணனுக்கு அடுத்து உங்க பேரு."

பெரியசாமி அண்ணன் எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, அறுபது வயதில் மாலை மரியாதையோடு போனவர். நான் ஒன்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது பிள்ளை பிறந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். என் பெயரை அவர் பெயருக்குக் கீழே பார்த்தால் யாராவது சிரிப்பார்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நானே அவளை அழைத்து, "உண்மையாவே நான் எழுதலாமா?" என்று கேட்டேன். அப்போது அவள் சொன்ன காரணத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் பதிவேடு போய்க் கணினி வந்துவிட்டது. நோயாளியின் கண்ணில் சுரண்டி எடுத்ததை ஓர் இயந்திரத்தில் வைத்தால், என்ன கிருமி என்பதைச் சில மணி நேரத்தில் அதுவே சொல்லிவிடுகிறதாம். கணினிப் படிவத்தில் பழைய பதிவேட்டின் கட்டங்கள் எல்லாமே இருக்கின்றன. 'சந்தேகம்' என்ற கடைசிக் கட்டமும் இருக்கிறது. ஆனால் படிவத்தைத் திறக்கும்போதே அதில் 'இல்லை' என்று தானாக நிரம்பி வருகிறது.

"பிள்ளைக அதைத் தொடுறதே இல்லக்கா. இது எதுக்கு, எடுத்துரலாமேன்னு கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க. உங்க கட்டம்தான அது" என்றாள் நஸ்ரின்.

அது என் கட்டம் இல்லை. சுந்தரவேல் சாரின் கட்டம். ஆனால் அதில் என் கையெழுத்தில் ஒரு 'இல்லை' இருக்கிறது. அதன்மேல் ஒரு கோடும் இருக்கிறது. புதியவர்களுக்கு அந்தக் கதை தெரிய வேண்டும்.

படிப்பு விவரம் எல்லாம் சுருக்கம்தான். நுண்ணுயிரியல் முதுகலை. என் அம்மா நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. படித்து முடித்த கையோடு, முப்பது பேருக்கு மேல் இல்லாத ஒரு சிறிய கண்நோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். கீழ்த்தளத்தில் மருத்துவமனை, மேல்தளத்தில் எங்கள் ஆய்வகம். வயல்வேலை செய்கிறவர்கள் கண்ணில் நெல்தாளோ உமியோ பட்டுப் புண்ணாகி வருவார்கள். அந்தப் புண்ணில் வளரும் கிருமி எது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கூடவே, கல்லூரிகளிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்ணை மரத்துப்போகச் செய்து, மருத்துவர் புண்ணின் ஓரத்தை மெல்லிய தகட்டால் சுரண்டுவார். நான் பக்கத்தில் தட்டுகளோடு நிற்பேன். சுரண்டியதில் கொஞ்சம் கண்ணாடிச் சில்லில், நுண்நோக்கிக்கு. மீதி, கிருமி வளர்வதற்கான உணவு பரப்பிய வட்டத் தட்டில். தட்டில் கண்டபடி தேய்க்கக் கூடாது. பிறை நிலா மாதிரி சின்னச் சின்ன வளைவுகளாக, வரிசையாக இழுக்க வேண்டும். மறுநாள் பிறையின் மேலேயே ஏதாவது முளைத்திருந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. பிறைக்கு வெளியே முளைத்திருந்தால் காற்றிலிருந்து விழுந்த தூசு.

இந்த ஒன்றை மாணவர்கள் மனத்தில் பதிக்க சுந்தரவேல் சாருக்கு ஒரு வழி இருந்தது. முதல் நாள் ஒவ்வொருவரிடமும் ஒரு புதுத் தட்டைக் கொடுத்து, கேண்டீனில் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு எடுத்து வரச் சொல்வார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று தட்டு நிறைய முளைத்திருக்கும். "இம்புட்டையும் சேத்துத்தான் தெனம் வடை திங்குறோம். நல்லாப் பாத்துக்கங்க. இதுல எதையாச்சும் நாளைக்கு நோயாளி கண்ணுல இருந்து வந்துச்சுன்னு எழுதிறாதீக" என்பார். அந்த வாரம் முழுக்க யாரும் வடை தின்ன மாட்டார்கள். அடுத்த வாரம் தின்பார்கள்.

சார் ஆய்வகத் தலைவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் பழைய பஸ் டிக்கெட் ஒன்றிரண்டு இருக்கும். அவை எதற்கு என்று முதல் மாதத்தில் எனக்குப் புரியவில்லை. நாங்கள் பதிந்த முடிவைச் சரிபார்க்க வரும்போது, பதிவேட்டில் முடிவு எழுதிய கட்டத்தின் மேல் டிக்கெட்டை வைத்து மறைத்துவிடுவார். அப்புறம்தான் தட்டைப் பார்ப்பார். தன் முடிவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய பின்பே டிக்கெட்டை எடுப்பார். "நீ எழுதினத மொதல்ல படிச்சா எனக்கும் அதேதாம்மா தெரியும். கண்ணு அம்புட்டு மரியாதையானது" என்று சொல்லுவார்.

கடைசிக் கட்டமும் அவர் கண்டுபிடித்ததுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி: தேதி, எண், சில்லில் கண்டது, தட்டில் கண்டது, முடிவு, கையெழுத்து. அதற்கடுத்து 'சந்தேகம்'. அங்கே மையால் எழுத வேண்டும். நேரம் போட வேண்டும். அழிக்கக் கூடாது, மாற்ற வேண்டுமானால் ஒற்றைக் கோடு இழுத்து மேலே எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், நேற்று வந்த மாணவர்கூட. எழுதிய சந்தேகத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. சந்தேகம் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கட்டத்தில் அதிகம் எழுதியவள் நான்தான். தட்டு நான்கு டிகிரி கூடுதலான வெப்பத்தில் இருந்திருக்குமோ, எண் மாறியிருக்குமோ, நான் இழுத்த பிறை சரிதானா என்று எதையாவது எழுதிக்கொண்டே இருப்பேன். பாதிக்கு மேல் ஒன்றும் இருக்காது. மாணவர்கள் எனக்கு 'சந்தேக அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். சார்கூட ஒருநாள், "ஏம்மா ஈஸ்வரி, நீ கல்யாண வீட்டுல பந்தியில எப்பிடிம்மா சாப்பிடுவ?" என்று கேட்டார். ஆனால் ஒருநாளும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. ஒன்றுமில்லாத சந்தேகத்துக்கும் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'பார்த்தேன், சரி' என்று எழுதி நேரம் போடுவார்.

என் பெரியவள் பிறந்து ஆறு மாதத்தில் மறுபடி வேலைக்குப் போனேன். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகில் எங்கள் வீடு. பிள்ளையை என் அத்தை பார்த்துக்கொண்டார். என் கணவரின் அம்மா அவர். அந்த ஆறு மாதத்தில் நான் சந்தேகப்படாத விஷயம் இல்லை. பால் போதவில்லையோ, நெற்றி சுடுகிறதோ, தூக்கத்தில் மூச்சு வேகமாக வருகிறதோ என்று எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வந்தது. அத்தை, "வீணா பயப்படாத" என்பார். பிள்ளை மருத்துவர் சிரித்துக்கொண்டே, "மொதப் பிள்ளைன்னா அப்படித்தாம்மா, வீணா பயப்படாதீங்க" என்பார். என் கணவர் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். "ஒன் பயத்துக்கெல்லாம் மார்க் போட்டா மாநிலத்துலயே நீதான் மொத ரேங்க்" என்பார்.

அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதனால் மெல்ல மெல்ல நானும் எனக்கே அதைச் சொல்லப் பழகிக்கொண்டேன். உள்ளே ஏதாவது குறுகுறுத்தால், 'வீணா பயப்படுறடி' என்று மனத்துக்குள் சொல்லி மூடிவிடுவேன். அது பெரிய நிம்மதியாகக்கூட இருந்தது.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், ஒரு திங்கள்கிழமை, பேச்சியம்மாள் வந்தார். அழகர்கோவில் பக்கத்துக் கிராமம். ஐம்பது வயதிருக்கும். களையெடுக்கும்போது நெல்தாள் வலது கண்ணில் கீறிவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி இரண்டு நாள் விட்டுப் பார்த்திருக்கிறார். எட்டாம் நாள் மகளோடு வந்தார். அவருக்கு இடது கண் சிறுவயதிலேயே போய்விட்டது; அதில் வெளிச்சம் மட்டும் தெரியும். ஆக, புண்ணாகியிருந்தது அவருக்கு இருந்த ஒரே கண்.

டாக்டர் அனுராதா சுரண்டும்போது நான் தட்டோடு நின்றேன். பேச்சியம்மாள் அசையாமல் படுத்தபடி, "எந்திரிச்சு வீட்டுக்குப் போவனா, இல்ல கையப் பிடிச்சுக் கூட்டிப் போகணுமா? அத மட்டும் சொல்லிருங்க தாயி" என்றார்.

"அதுக்குத்தான பாக்குறோம். கண்ண அசைக்காதீங்கம்மா" என்றார் டாக்டர்.

சில்லில் அகலமான இழைகள் தெரிந்தன. பூஞ்சை என்று அன்றே சொன்னோம். அன்றே பூஞ்சைக்கான சொட்டு மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தட்டை எடுத்துப் பார்த்தேன். பிறையின் மேலேயே முளைத்திருந்தது, ஆகவே தூசு இல்லை. ஆனால் வழக்கமான பூஞ்சை பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். இது எழும்பவில்லை. தட்டோடு தட்டாக ஒட்டிப் படர்ந்து, ஓரத்தில் இறகு மாதிரி பிரிந்திருந்தது. சில்லை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பூஞ்சை இழைகளில் மூங்கில் கணு போலக் குறுக்குச் சுவர்கள் இருக்கும். இதில் தேடித் தேடி ஒன்றிரண்டுதான் கிடைத்தன. கடிகாரத்தைப் பார்த்தேன்; பதினொன்று இருபது. கடைசிக் கட்டத்தில் எழுதப் பேனாவைத் திறந்தேன்.

எழுதவில்லை. சார் கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். முந்தின நாள்தான் இரண்டு மாணவர்கள், 'அக்கா லீவுல இருந்தப்ப அந்தக் கட்டம் எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா' என்று கேலி செய்திருந்தார்கள். இரவெல்லாம் பிள்ளை சிணுங்கியதில் எனக்குத் தூக்கமும் இல்லை. ஆறு மாத இடைவெளியில் கண் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். வீணா பயப்படுறடி என்று சொல்லிப் பேனாவை மூடினேன்.

புதன்கிழமை அது இன்னும் படர்ந்திருந்தது. வித்து எதுவும் தோன்றவில்லை. பூஞ்சையின் வகையை அதன் வித்தை வைத்துத்தான் சொல்வோம். வித்து வராத பூஞ்சைக்கு எங்களிடம் ஒரு வழக்கமான வாசகம் இருந்தது: 'பூஞ்சை, வித்து இல்லை, வகை தெரியவில்லை.' அதை எழுதி அறிக்கையைக் கீழே அனுப்பினேன். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் நஸ்ரின் என்னிடம் வந்தாள். அப்போது அவள் மகபூப்பாளையத்திலிருந்து வரும் பயிற்சி மாணவி. வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான் பார்த்த அதே சில்லைப் பழகுவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன குறுக்குச் சுவர் இதுல எங்க இருக்கு? எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது."

"இருக்கும், நல்லாத் தேடு."

"அரை மணி நேரமாத் தேடுறேன்க்கா. ரெண்டே ரெண்டு. அதுவும் மடிப்பு மாதிரிதான் இருக்கு. வேற ஏதாச்சும் இருக்குமோ? எனக்குப் பயமா இருக்கு, தப்பாப் படிக்கிறேனோன்னு."

"வீணா பயப்படாத" என்றேன். என் குரல் சிரித்தபடி, ஆதரவாகத்தான் இருந்தது.

அவள் "சரிக்கா" என்று திரும்பிவிட்டாள். அந்தச் 'சரிக்கா' எனக்குத் தெரிந்த குரல். அத்தையிடமும் மருத்துவரிடமும் ஆறு மாதமாக நான் சொல்லி வந்த 'சரி' அது. ஏற்றுக்கொண்டதால் வரும் சரி இல்லை. கேட்டது அசட்டுத்தனம் என்று வெட்கப்பட்டு வருகிற சரி.

பஸ்ஸில் வீடு வரும்வரை அதுவே மனத்தில் ஓடியது. என் பிள்ளை விஷயத்தில் நான் பயந்தபோதெல்லாம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அதெல்லாம் நான் கேட்ட பிறகு யாராவது தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டது. இந்தத் தட்டை யார் பார்த்தார்கள்? நஸ்ரின் கேட்டதையும் நான் பார்க்காமலே மூடினேன். நாங்கள் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டது ஒன்றாக இருக்கிறது. சார் டிக்கெட்டை வைத்து மறைத்துப் பார்ப்பதே அதற்காகத்தானே?

வியாழக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் ஆய்வகத்தில் இருந்தேன். என் 'இல்லை'யின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன். 'இது பூஞ்சைதானா?' என்று எழுதி, 8.40 என்று நேரம் போட்டேன். சார் சென்னையிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை, பதிவேட்டை நீட்டினேன். வழக்கம்போல முடிவை டிக்கெட்டால் மறைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். சில்லைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு டிக்கெட்டை எடுத்து என் வரியை வாசித்தார்.

"சந்தேகம் எப்பம்மா வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"எத்தன மணிக்கு?"

"பதினொன்னு இருவது."

"இங்க இன்னிக்குக் காலைல எட்டு நாப்பதுன்னு போட்டிருக்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. தன் பேனாவையே என்னிடம் நீட்டினார். "எழுதின நேரம் அது. சந்தேகம் வந்த நேரத்தையும் போடு. கீழ இருக்குற டாக்டருக்கு அதான் தேவை."

எழுதினேன். 'சந்தேகம் வந்தது: செவ்வாய் 11.20.' அதற்குக் கீழே, 'நஸ்ரினும் கேட்டாள்: புதன் பிற்பகல்' என்றும் எழுதினேன். அந்த இரண்டு வரிகளுக்கும் 'இல்லை'க்கும் நடுவே இருந்த தூரம் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

சார் இதை ஒருமுறை வாசித்து வைத்திருந்தார். பித்தியம் என்று ஒன்று. பூஞ்சை மாதிரியே இழை விடும். ஆனால் பூஞ்சை இல்லை, நீரில் வாழும் பாசி வகைக்குத் தூரத்து உறவு. வயல் தண்ணீரில் இருக்கும். பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாது. "நானும் நேர்ல பாத்ததில்ல. பூஞ்சைன்னே எழுதிக்கிட்டு இருந்திருக்கோம்னு நெனைக்கிறேன்" என்றார். சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார்.

கீழே டாக்டர் அனுராதா மறுநாள் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்திருந்தார். மூன்று நாள் மருந்து விட்டும் புண் பெரிதாகிக்கொண்டே போனதுதான் காரணம். அவர் மேலே ஏறி வந்தார்.

"உறுதியா சொல்றீங்களா சார்?"

"இல்லம்மா. உறுதியா நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன். ஆனா இது அதுவா இருந்தா, புதுக் கருவிழி வச்சாலும் இந்த மருந்துல அதையும் சேத்துத் தின்னுரும்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பேன்."

"மருந்த இப்பவே மாத்துங்க, பாக்டீரியாவுக்கு விடுறதுதான் இதுக்குக் கேக்கும். அறுவைய ஒரு நாள் தள்ளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நேத்து ரிப்போர்ட்ல சந்தேகம் இல்லன்னு இருந்துச்சே?"

"நான்தான் மேடம் எழுதினேன். தப்பு" என்றேன். அவர் இறங்கிப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

உறுதிசெய்யும் சோதனை வேடிக்கையானது. புல் இலைகளைக் கொதிக்க வைத்துத் தட்டில் வளர்ந்ததன் மேல் பரப்ப வேண்டும். ஒரு நாளில் அது இலையில் ஏறிக்கொள்ளும். பிறகு இலையைக் குளத்துத் தண்ணீரில் போட்டு உடல் சூட்டில் வைக்க வேண்டும். பித்தியமாக இருந்தால், தண்ணீரைக் கண்டதும் இழையின் நுனியில் பை கட்டி, அதற்குள்ளிருந்து நீந்தும் வித்துகளை விடும். கண்ணுக்கு வரும் எந்தப் பூஞ்சையும் நீந்தாது.

புல்லை நஸ்ரின் வாசலில் பறித்து வந்தாள். குளத்துத் தண்ணீருக்கு என் கணவரை அழைத்தேன். பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம்.

"தெப்பக்குளத்துல ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு வாரீங்களா? அவசரம்."

"குடிக்கவா?"

"புல்லுக்கு."

"ஈஸ்வரி, நீ நல்லாத்தான இருக்க?"

விவரத்தைச் சொன்னேன். இருபது நிமிடத்தில் வந்தார். கையில் தண்ணீர் நிரம்பிய பிள்ளையின் பால் பாட்டில். வீட்டில் சட்டென்று மூடியோடு கிடைத்தது அதுதானாம். "புதுசுதான், இன்னும் எடுக்கவே இல்ல. அதையும் சந்தேகப்பட்டுறாத" என்றார். தண்ணீரை வடிகட்டி, அழுத்தக் கொதிகலனில் வைத்து, அதிலிருந்த உயிரெல்லாம் போன பிறகு எடுத்து வைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை இலைகளைத் தண்ணீரில் இட்டோம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நான், நஸ்ரின், சார் என்று மாறி மாறிப் பார்த்தோம். பார்த்தவர் மற்றவரிடம் எதுவும் சொல்லக் கூடாது, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு. பன்னிரண்டு மணிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றரைக்கும் இல்லை. நான் மறுபடியும் எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பூஞ்சைதானோ? அறுவையை நிறுத்தியது என் இரண்டாவது தப்போ? பேச்சியம்மாளின் மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது கதவு வழியே தெரிந்தது.

மூன்று மணிக்கு என் முறை. நுண்நோக்கியில் இலையின் ஓரத்தைப் பிடித்தேன். ஓர் இழையின் நுனி குமிழி மாதிரி உப்பியிருந்தது. உள்ளே மணி மணியாக ஏதோ புரண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். குமிழி கிழிந்தது. உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறி, தண்ணீரில் சுழன்று சுழன்று நீந்திப் போயின.

காகிதத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கவிழ்த்தேன். எழுந்து நஸ்ரினுக்கு இடம் விட்டேன். அவள் பார்த்த உடனே "அக்கா!" என்று கத்திவிட்டாள். "உத்தரவ மீறிட்டா. இவ காகிதம் செல்லாது" என்றார் சார். ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பு. அவரும் பார்த்து, எழுதி, மூன்று காகிதங்களையும் திருப்பினார். மூன்றிலும் 'நீந்துகிறது' என்று இருந்தது.

மாற்றிய மருந்தையே தொடர்ந்தார்கள். அறுவை நடக்கவில்லை. பத்து நாளில் புண் படர்வது நின்று, அதன் பிறகு மெல்லச் சுருங்கியது. கருவிழியில் ஓரமாக ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தத் தழும்பில் எவ்வளவு, நான் பேனாவை மூடிவைத்திருந்த இரண்டு நாளுக்கு உரியது என்று சாரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "தெரியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்துல 'தெரியாது'ன்னு எழுது" என்றார். எழுதினேன்.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய வேலை. 'வகை தெரியவில்லை' என்று நாங்கள் பல ஆண்டுகளாக எழுதி வைத்த பூஞ்சைகளின் மாதிரிகள், தண்ணீர் நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாய்களில் பாதுகாப்பாக இருந்தன. ஒவ்வொன்றையும் உயிர்ப்பித்து, புல் இலை வைத்துப் பார்த்தோம். சில நீந்தின. அவற்றில் மூன்று நான் பதிந்தவை. அந்த மூவரின் கோப்புகளையும் தேடிப் படித்தேன். ஒருவருக்குக் கண்ணையே எடுத்திருந்தார்கள். அன்று எங்களில் யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். அந்த மூன்று வரிகளிலும் கடைசிக் கட்டத்தில் நான் ஏதோ ஒரு சந்தேகத்தை எழுதியிருந்தேன் என்பதும் உண்மை. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அதன் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கிருமியின் பெயர் தெரிந்தது. இதையே நஸ்ரின் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். இன்று புல் இலைச் சோதனையை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவள்தான். கத்தினால் காகிதம் செல்லாது என்ற விதியை அவளும் வைத்திருக்கிறாளாம்.

சின்னவன் பிறந்ததும் வேலையை விட்டேன். அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, பெரியவளுக்கு அடிக்கடி இளைப்பு. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. விட்டது சரியா என்று மாதம் ஒருமுறையாவது கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் சரி என்றே பதில் வருகிறது. அத்தை இப்போதெல்லாம் "வீணா பயப்படாத" என்று சொல்வதில்லை. "என்னண்டு பாரு" என்கிறார். அது எனக்குப் போதும்.

புதிய தம்பி, தங்கைகளுக்கு: இயந்திரம் நல்லது. நாங்கள் ஐந்து நாளில் கண்டதை அது மூன்று மணி நேரத்தில் காணும். அது அன்றைக்கு இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் அதற்குள் எதை வைத்தோம், யாருடையதை வைத்தோம், அது சொன்னதும் கண்ணில் கண்டதும் பொருந்துகிறதா என்பதையெல்லாம் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆகவே கடைசிக் கட்டத்தை எடுத்துவிடாதீர்கள். ஆனால் திறக்கும்போது அது காலியாக இருக்கட்டும். 'இல்லை' என்பதை ஒவ்வொரு முறையும் ஒருவர் தன் கையால் எழுத வேண்டும். கணினி எழுதிய 'இல்லை'யின் மேல் யாரும் கோடு இழுக்க மாட்டார்கள். என் 'இல்லை'யை நான் எழுதியதால்தான் அது என்னை மறுநாள் காலையில் எட்டரைக்கெல்லாம் வரவைத்தது.

பேச்சியம்மாள் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். நான் கீழே இறங்கிப் போனேன். அந்த இரண்டு நாளைப் பற்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் அனுராதாவிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: செவ்வாய்க்கிழமையே தோன்றியது, வியாழக்கிழமைதான் சொன்னேன், அதற்குள் மருந்து மாறியிருக்கலாம்.

அவர் முழுவதும் கேட்டார். தழும்பு இருந்த அந்த ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"பிள்ளைக்காரியா நீ?"

"ஆமாம்மா. ஒம்பது மாசம்."

"அதான். அவசர அவசரமாக் கெளம்பி ஓடியாந்திருக்க" என்றார். "பொட்டு கோணலா இருக்கு தாயி."

அவர் போன பிறகு மாடியேறி, கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது.